வடவெள்ளி வந்து நின்ற வீடு

கொழும்புக்குத் தோணிகள் பாய்விரித்துப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கல்லாமுனைக் கரையில், பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே தனியாக நின்ற தெக்லாவின் ஓலைவீட்டுக்கு மேலே, தவக்காலம் தொடங்கிய வாரத்தில், பொழுது மங்கி அடுப்பு அணைகிற நேரத்தில், வடவெள்ளி வந்து நின்றது.

அந்தக் கரையில் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். விடிவெள்ளி, ஆறாமீன் வெள்ளி, குருசுவெள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவற்றில் வடவெள்ளி அப்படியொன்றும் பிரகாசமானதல்ல. வடக்கே உப்பளத்தின் விளிம்புக்கு மேல், கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டி உயரத்தில், மற்ற வெள்ளிகளெல்லாம் தன்னைச் சுற்றி வர, தான் மட்டும் நகராமல் கிடப்பது. அன்றைக்கு அது தன் இடத்தை விட்டுக் கிளம்பி, உப்பளத்தைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டி, தெரிந்தவர் வீட்டுக்கு வருகிறவர்போல் அவசரமில்லாமல் வந்து, கூரைக்கு இரண்டு பனை உயரத்தில் நின்றுகொண்டது.

இடியாப்பம் அவித்து விற்றுப் பிழைத்துவந்த தெக்லா, வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், அண்ணாந்து பார்த்தாள்.

"வந்துட்டியா" என்றாள். பிறகு மாவுப்பானையை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் ஆச்சரியப்படாததற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் இஞ்ஞாசி ஒரு தோணியின் தண்டலாக இருந்தவன். தோணியை நடத்திப் போகிறவனைத் தண்டல் என்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் கூரை ஓடுகளும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன அவனுடைய தோணி, போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவும் இல்லை. போகும்போதெல்லாம் அவன் சொல்லும் சொல் ஒன்றுதான்: "நான் எந்தக் கடல்ல கெடந்தாலும் அந்த வெள்ளியப் பாத்துதான்டீ வருவேன்." அதனால் சாயங்காலமானால் வடக்கே பார்ப்பது தெக்லாவுக்கு முகம் கழுவுவதுபோல் ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது. ஏழு வருஷம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒருநாள் நம்மை வந்து பார்க்காமலா போகும் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் இடியாப்பம் வாங்க வந்தவர்கள் முதலில் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு தெக்லாவைப் பார்த்தார்கள், பிறகு வழக்கம்போல் தேங்காய்ப்பால் சொதியில் உப்புக் குறைச்சல் என்றார்கள். வெள்ளி பகலிலும் போகவில்லை; வெயிலில் வெளுத்த மல்லிகை மொட்டுமாதிரி மேலேயே இருந்தது. இருட்டியதும் வானத்து வெள்ளிகளெல்லாம், ஆட்டுக்கல்லைச் சுற்றி மாவு வருவதுபோல், தெக்லாவின் கூரையை நடுவாக வைத்துச் சுற்றின. வடக்கே, அது இருந்த இடத்தில், பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை தெரிந்தது.

பங்குச்சாமியார் சைக்கிளில் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "வெள்ளி ஒரு வீட்டு மேல வந்து நிக்கிறது நமக்கொண்ணும் புதுசில்ல" என்று சொன்னார். "ஆனா அப்படி நின்னா தூரத்துலேருந்து ஆள் வரும். வாசலப் பெருக்கி வையி தெக்லா."

அவர் சொன்னது போலத்தான் நடந்தது. வெள்ளியைப் பார்த்து ஓடுகிற படகுகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கல்லாமுனைக்கு வரத் தொடங்கின. வேம்பாருக்குப் போக வேண்டியவர்கள் வந்தார்கள், தொண்டிக்குப் போக வேண்டியவர்கள் வந்தார்கள், மலையாளக் கரைக்கு மிளகு ஏற்றப் போனவர்களும், பேரும் பாஷையும் தெரியாத தீவுகளிலிருந்து தேங்காய் ஏற்றிக் கிளம்பியவர்களும் வந்தார்கள். ஓர் ஓலைவீடும் ஒரு கிணறுமாக இருந்த கரையில் ஒரு கோடைக்குள் சந்தை ஒன்று முளைத்தது. கயிறு விற்பவன், பாய் தைப்பவன், டீக்கடை, முடிவெட்டும் கடை, எல்லாம் வந்தன. வெள்ளி வெளிச்சத்தில் துணி ராத்திரியிலும் உலர்ந்தது, உப்பளத்தில் உப்பு ராத்திரியிலும் பூத்தது, கோழிகள் மட்டும் எப்போது அடைவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டன.

கடலிலிருந்து வந்தவர்கள் போக, தரையிலிருந்தும் வந்தார்கள். விளாத்திகுளத்துப் பக்கத்துச் சம்சாரிகள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆறாமீன் இப்போது இடம் மாறி எழுவதால் கம்பு விதைக்கும் நாள் தப்பிப்போகிறது என்றும், உங்கள் முற்றத்தில் நின்று பார்த்தால்தான் கணக்குப் பிடிபடுகிறது என்றும் சொல்லி, முற்றத்து மணலில் குச்சியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து ஹாஜியார் ஒருவர் வந்து, தொழுகைத் திசையைச் சரிபார்த்து, சூரியன் விழும் இடம் மாறவில்லை என்று நிம்மதியடைந்து, ஒரு கிளாஸ் டீ குடித்தார். கல்யாணம் முடித்த கையோடு மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் லாரியில் வந்து இறங்கி, இதுபோல் நாமும் நிலையாக இருப்போம் என்று மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். மாட்டுக்கும் மனுஷனுக்கும், விதைப்புக்கும் கல்யாணத்துக்கும், இத்தனை காலம் வானத்தைப் பார்த்துத்தான் காரியம் நடந்திருக்கிறது என்பது, அந்த வானம் இடம் மாறிய பிறகுதான் பலருக்கு உறைத்தது.

பட்டணத்துக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் தொலைநோக்கி கொண்டுவந்தார். நல்ல மனுஷர். கண்ணை வைத்துப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது இங்க இருக்கவே முடியாதும்மா."

"அது சரிங்கய்யா. சொதி இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று தெக்லா கேட்டாள்.

"ஊத்துங்க" என்றார்.

பெரிய நீராவிக் கப்பல்கள் காம்பஸ் முள்ளைப் பார்த்துப் போவதால் அவற்றுக்கு ஒரு குழப்பமும் இல்லை. அதனால் துறைமுகத்து அதிகாரிகளும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்களைப் பற்றிப் பிற்காலத்தில் பேசும்போதெல்லாம் தெக்லாவின் குரல் இளகிவிடும். ஏழு வருஷமாக இடியாப்பம் வாங்கிப் போகிறவர்களைத் தவிர ஆள் உட்காராத முற்றத்தில் அத்தனை பேர் சாப்பிட்டார்கள். அவளை ராசியில்லாதவள் என்று ஒதுங்கிப் போனவர்கள் அவள் வீட்டு அடையாளம் சொல்லித்தான் ஊருக்கே வழி சொன்னார்கள். புகையிலை வாசமும், தார் வாசமும், ஏழெட்டுப் பாஷைகளும், யாரோ ஒருவன் படகின் மேல்தட்டில் உட்கார்ந்து பாடுகிற பாட்டும் கலந்து வரும் சாயங்காலங்கள் அவை.

ஆனால் அவள் ஒவ்வொரு படகையும் பார்த்தது வேறொரு முகத்துக்காக.

அவள் மட்டுமல்ல. கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீட்டுப் பெண்கள் அந்தக் கரை நெடுக இருந்தார்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தெக்லாவின் முற்றத்தில் உட்காரத் தொடங்கினார்கள். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வலை பின்னினார்கள், மாவு இடித்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள், கடலைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் குருசம்மாள். அவளுடைய ஒரே மகன் மிக்கேல் சங்கு குளிக்கப் போய் வராமல் போனவன்.

சித்திரை முடியும்போது ரபேல் வந்தான். நான்கு வருஷமாகக் காணாமல் போயிருந்தவன். எங்கோ ஒரு தீவில் ஒதுங்கி, பனை தெரியாத ஊரில் தென்னை ஏறிப் பிழைத்து, ஒரு சாயங்காலம் வடவெள்ளி நகர்ந்து போவதைப் பார்த்து, அது போகிற பக்கமே கட்டுமரத்தைச் செலுத்தி வந்ததாகச் சொன்னான். முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி மொடுத்தா எழுந்து நின்று, மேலும் கீழும் பார்த்து, "கூரை வேயாம நாலு மழ போயாச்சு, தெரியுமா ஒமக்கு?" என்று சண்டை பிடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் அழுதாள்.

அன்றைக்குக் கரை முழுக்க மணி அடித்தது. முற்றத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ரபேல் வந்தான் என்றால் மிக்கேலும் வரலாம், இஞ்ஞாசியும் வரலாம். தெக்லா அன்றிலிருந்து தினமும் ஒரு பங்கு இடியாப்பம் எடுத்துத் தனியாக மூடி வைத்தாள்.

கோடை முற்றியது. உப்பளத்தில் தங்கியிருந்த நாரைகள் வழக்கமாக அந்த நேரத்தில் வடக்கே கிளம்பிவிடும். அந்த வருஷம் அவை எழும்பின, ஒரு சுற்றுச் சுற்றின, மறுபடியும் தெக்லாவின் கூரையிலேயே வந்து இறங்கின. மறுநாளும் அப்படியே. தண்ணீர் வற்றிய உப்பளத்தில் இரை இல்லாமல் அவை மெலிந்து நின்றன. படகுக்காரர்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெக்லாவின் கண்ணில் பட்டது. கல்லாமுனைக்கு வந்தவர்களில் அக்கம்பக்கத்துக் கரைக்காரர்கள் கரையைப் பார்த்தபடியே வீடு போய்விட்டார்கள். தூரத்துக்காரர்கள் யாரும் போய்ச் சேரவில்லை. நங்கூரம் போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு நின்றுபோயிருந்தது.

மினிக்காய்த் தீவுக்காரன் ஒருவன் இருந்தான். தாவூது என்று பேர். மூன்றாவது தடவையாகக் கிளம்பிப் போய் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்து, அடுப்படிப் படியில் உட்கார்ந்தான். தெக்லா தட்டை வைத்தால் தொடவில்லை.

"ஏன் தம்பி, ஒடம்புக்கு முடியலையா?"

"வடவெள்ளிய வலத்தோள்ல வெச்சு மேக்க போனா எங்க தீவு. எங்க வாப்பா அப்படித்தான் போனது, அவரோட வாப்பாவும் அப்படித்தான். இப்ப அத வலத்தோள்ல வெச்சா உங்க வீட்டையே சுத்தி வாரேன் அக்கா. பகல்ல சூரியனப் பாத்துப் போனதெல்லாம் ராத்திரி அழிஞ்சு போவுது."

"பெரிய கப்பல்ல ஏறிப் போயிருமே."

"ஓடம் என்னோடது இல்ல. தீவோடது. விட்டுட்டு எப்படிப் போவேன்?"

"அப்ப ஒண்ணு செய்வோம். வெள்ளி இப்ப இங்கனதான் நிக்குதுன்னு எல்லாருக்கும் சொல்லி அனுப்புவோம். அத வெச்சுப் புதுசா வழி போட்டுக்கிடட்டும்."

தாவூது சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு. "நடுக்கடல்ல கெடக்கிறவனுக்கு யார் அக்கா போய்ச் சொல்லுவா? யாரும் யாருக்கும் சொல்லாம எல்லாருக்கும் தெரியிற சேதி ஒலகத்துல அது ஒண்ணுதான்."

தெக்லா அவன் தட்டை எடுத்து மூடினாள். மூடும்போது, தினமும் தான் மூடி வைக்கிற இன்னொரு தட்டு பக்கத்தில் இருந்தது. இரண்டு மூடிய தட்டுகளையும் பார்த்தபடி கேட்டாள்:

"வீட்ல யாரு இருக்காவ தம்பி?"

"உம்மா இருக்கு. வீட்டுக்காரி ஹவ்வா. ரெண்டு பேரும் சாயங்காலமானா கரையிலதான் இருப்பாங்க."

தெக்லா முற்றத்தைப் பார்த்தாள். வலை பின்னிக்கொண்டும், மாவு இடித்துக்கொண்டும், கடலைப் பார்த்துக்கொண்டும் இருக்கும் பெண்கள்.

அன்று ஜெபமாலை முடிந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லுதேன். ஏசாதீக. நாம இங்கன ஒக்காந்திருக்க மாதிரி ஒவ்வொரு கரையிலயும் ஒருத்தி ஒக்காந்திருக்கா. அவ ஆளு செத்துப்போவல்ல. நம்ம துறையில சீட்டாடிக்கிட்டு இருக்கான்."

குருசம்மாள் பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு?"

"வெள்ளியத் திருப்பி அனுப்பணும்."

"ஏட்டி, ரபேல் வந்தானா இல்லையா?"

"வந்தான் பெரியம்மா."

"நாளைக்கு எம் மவன் வரமாட்டான்னு ஒனக்கு யாரு சொன்னா? அவன் வரும்போது வெள்ளி இங்க இல்லைன்னா ஒங் கொமட்டுல குத்துவேன் பாத்துக்க." சொல்லிவிட்டுக் குருசம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எப்படி அனுப்புவது என்று யாருக்கும் தெரியாது. பேசிப் பார்த்தார்கள். பங்குச்சாமியாரைக் கேட்கலாம் என்றாள் ஒருத்தி. விளக்கை எல்லாம் அணைத்துப் பார்க்கலாம் என்றாள் இன்னொருத்தி. மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருத்தி, அதுவரை மாவு இடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று முற்றத்தின் நடுவில் போய் நின்று மேலே பார்த்து, "அந்தோணி, நீரு போயி வாரும். நான் இனி காத்துக்கிட்டு இருக்கமாட்டேன்" என்று சொன்னாள். வெள்ளி அசைந்தது. வடக்கே ஒரு சாண் நகர்ந்து நின்றது.

அதைப் பார்த்த பிறகு யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்தடுத்த சாயங்காலங்களில் பெண்கள் தங்கள் தங்கள் நேரம் வந்தபோது எழுந்து போய் நின்றார்கள். சிலர் கத்திச் சொன்னார்கள், சிலர் காதில் சொல்வதுபோல் சொன்னார்கள், ஒருத்தி வாழ்ந்த காலத்தில் அவன் குடித்த குடியையெல்லாம் எண்ணி ஏசிவிட்டுப் பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் வெள்ளி கொஞ்சம் நகர்ந்தது. கூரையை விட்டது, பனங்காட்டைத் தாண்டியது, உப்பளத்துக்கு மேலே போனது. அங்கே நின்றுகொண்டது. அதற்குரிய இடம் கொஞ்ச தூரத்தில் காலியாகத் தெரிய, அது போகாமல் நின்றது.

குருசம்மாள் இன்னும் சொல்லவில்லை. அவளை யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டு மூன்று நாள் தனியாகத் திரிந்தாள். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு துறைக்குப் போய், படகில் கயிறு திரித்துக்கொண்டிருந்த தாவூதின் முன்னால் நின்றாள். தெக்லா பின்னாலேயே போயிருந்தாள்.

"ஏல, ஒங்கம்மைக்குக் கண்ணு தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்மா. தூரத்துல உள்ளது தெரியாது."

"அப்ப நீ பக்கத்துல வந்தாத்தான் அவளுக்குத் தெரியும்."

"ஆமா."

குருசம்மாள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "மிக்கேலு" என்றாள். "லேய் மிக்கேலு. அம்மா வீட்டுக்குப் போறேன்டா." அவ்வளவுதான். கம்பைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

வெள்ளி இறங்கிப் போயிற்று. ஆனாலும் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. முற்றத்தில் எல்லோரும் தெக்லாவைப் பார்த்தார்கள்.

"நான் சொல்லிட்டேனே. ரெண்டாவது ஆளா நாந்தானே போயி நின்னேன்" என்றாள் தெக்லா.

மொடுத்தா அவள் கையைப் பிடித்தாள். புருஷன் கிடைத்த பிறகும் முற்றத்துக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. "சொன்னீக மைனி. ஆனா கூப்பிடுத மாதிரிலா சொன்னீக."

தெக்லா கையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு மூடி வைத்திருந்த பங்கை எடுத்தாள். அதை முற்றத்துக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, நின்றபடியே, எல்லோரும் பார்க்க, தானே சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு வடக்கே பார்த்து, ஊருக்குப் போகிறவனிடம் வேலிப் படலைச் சாத்திவிட்டுப் போகச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்:

"இஞ்ஞாசி. சரி. போயிட்டு இரும்."

வெள்ளி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வானம் முழுக்க ஒரு சின்னக் குலுக்கல் குலுங்கி, எல்லா வெள்ளிகளும் பழையபடி சுற்றத் தொடங்கின.

அந்த விடியலுக்குள் துறை காலியானது. நாரைகள் முதலில் எழுந்தன. கூரையோலை பறக்க எழுந்து வடக்கே நீண்டன. பின்னாலேயே பாய்கள் விரிந்தன. போகிறவர்கள் தங்கள் தங்கள் பாஷையில் ஏதோ கத்திக்கொண்டு போனார்கள். தாவூது படகின் பின்தட்டில் நின்று கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தான். சந்தை ஒரு மாதத்தில் கலைந்தது. முடிவெட்டுகிறவன் மட்டும் ஏனோ தங்கிவிட்டான். கோழிகள் நேரத்துக்கு அடைந்தன. தெக்லாவின் முற்றத்தில் மறுபடியும் காற்றும் மணலும்தான். பெண்கள் அவரவர் வீட்டில் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்; ஆனால் ஒருவரை ஒருவர் வழியில் பார்த்தால் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். இஞ்ஞாசி வரவில்லை.

அடுத்த தை மாதத்தில் மினிக்காய் ஓடம் ஒன்று, வழி தவறாமல், வர வேண்டும் என்றே கல்லாமுனைக்கு வந்தது. தாவூது ஒரு மூட்டை மாசியை இறக்கினான். சூரை மீனை அவித்துக் கட்டைபோல் காயவைத்தது. அவனுக்குப் பின்னால் சிவப்பு உடுப்பில், தலையில் துணி சுற்றிய ஒரு பெண் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தாள்.

"ஹவ்வா" என்றான் தாவூது. "உங்களப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா."

ஹவ்வாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"அத்தன மாசமும் நான் எங்க ஒக்காந்திருந்தேன்னு கேக்குறா."

தெக்லா அடுப்படிப் படியைக் காட்டினாள். ஹவ்வா அதைக் கையால் தடவிப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். தெக்லா இடியாப்பமும் சொதியும் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே ஹவ்வா பேசினாள். தாவூது சொல்லிக்கொண்டே வந்தான். வடக்கே அந்த இடம் காலியாகக் கிடந்த நாளெல்லாம் தீவில் இருந்தவர்கள் பயந்துபோனார்களாம். இவள் மட்டும் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒருநாள் சாயங்காலம் வெள்ளி அங்கே வந்து உட்காருவதைத் தன் கண்ணால் பார்த்தாளாம்.

பிறகு அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தெக்லாவை நேராகப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"உங்க ஆளோட பேரென்னன்னு கேக்குறா அக்கா."

வெள்ளியை அனுப்பிய நாளுக்குப் பிறகு தெக்லா அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இஞ்ஞாசி" என்றாள்.

"இன்யாஸ்" என்றாள் ஹவ்வா.

"இன்யாஸ் இல்ல. இஞ்… ஞா… சி."

"இஞ்ஞாஸ்."

"சி. சி சொல்லு. இஞ்ஞாசி."

"இஞ்ஞாசி."

"ஆங்" என்றாள் தெக்லா. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொருக்காச் சொல்லு."

ஹவ்வா இன்னொரு தடவை சொன்னாள். தெக்லா குனிந்து அவள் தட்டில் சூடாக இன்னும் ஓர் இடியாப்பம் வைத்தாள்.